பக்கத்துக் கட்டிலில் நடந்த புதுமை

என் மனைவி இறந்து ஒன்றரை வருடம் ஆன பிறகு, ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த பெண் சுகமானது கடவுள் செய்த புதுமையா இல்லையா என்று விசாரிக்க ஒரு கூட்டம் போட்டார்கள். அதில் குறிப்பெழுத என்னைக் கூப்பிட்டார்கள். போனேன்.

எப்படிப் போக மனம் வந்தது என்று பிறகு சிலர் கேட்டார்கள். எனக்கே தெரியவில்லை. அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் செய்துகொண்டிருந்தேன். தெமோதரைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். அதிபர் வகுப்புகளுக்கு நேரசூசியைப் போட்டுத் தரச் சொன்னால் போட்டுக் கொடுத்தேன். பக்கத்து வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் போய்ச் சாப்பிட்டேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் இரண்டு நாற்காலிகளில் எதில் உட்கார்ந்தாலும் ஒன்றுதான் என்று ஆகியிருந்தது. அழுகை வரவில்லை. வரவேண்டுமே என்று நினைத்துப் பார்த்ததும் உண்டு. பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

என் மனைவிக்கு முதலில் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி வந்தது. வலி இல்லை. பிறகு கக்கத்தில் ஒன்று. பதுளை ஆஸ்பத்திரியில் சதைத்துண்டு எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். நிணநீர்ச் சுரப்பிகளில் வருகிற புற்றுநோய் என்று பதில் வந்தது. மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். முடி கொட்டியது, வாய் புண்ணாகியது, நடுவில் இரண்டு மாதம் கட்டிகள் சின்னதாகி எங்களுக்கு நம்பிக்கை கொடுத்தன. பிறகு திரும்பவும் வளர்ந்தன. எல்லாமாகப் பதினொரு மாதம்.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் ஒரு வெளிநாட்டுச் சாமியாரின் கல்லறை இருக்கிறது. என் அப்பா பிறப்பதற்கு முந்திய காலத்தவர். தோட்டம் தோட்டமாக நடந்தே போய் நோயாளிகளைப் பார்த்தவர் என்று சொல்வார்கள். அவருக்குப் புனிதர் பட்டம் கிடைக்க வேண்டும் என்று எங்கள் பங்கில் கொஞ்ச காலமாக ஒரு முயற்சி நடக்கிறது. அதற்காக ஒரு செப அட்டை அச்சடித்திருந்தார்கள். அவருடைய அங்கியிலிருந்து வெட்டிய துணி, நகக்கண் அளவு, அட்டையின் மூலையில் ஒட்டப்பட்டிருக்கும். பங்குச் சாமியார் எனக்கு ஒன்று தந்தார். அதை மனைவியின் தலையணைக்குக் கீழே வைத்தேன். பார்வையாளர் நேரத்தில் போகும்போதெல்லாம் அந்தச் செபத்தைச் சத்தமாகச் சொல்வேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அடுத்த தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவர். நாற்பது நாற்பத்திரண்டு வயது இருக்கும். அவரும் வேதக்காரர்தான், ஆனால் கட்டிக்கொண்டது இந்துக் குடும்பத்தில். அதே நோய். அவருக்கு மருந்து ஏற்றத் தொடங்க இருந்த நாளுக்கு முந்திய இரவு, என் மனைவி வாந்தியெடுத்துக் கிடந்ததை விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். காலையில், எனக்கு இந்த வைத்தியம் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். தாதிமார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள்.

ஆறு வாரத்தில் என் மனைவி இறந்துபோனாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன சாமான்களைப் பையிலிருந்து எடுத்து வைத்தபோது செப அட்டையைக் காணவில்லை. கட்டில் விரிப்போடு போயிருக்கும் என்று நினைத்தேன். பிளாஸ்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் பீடத்திலிருந்தே அறிவித்தார். அடுத்த தோட்டத்துப் பெண்ணின் உடம்பில் நோய் இருந்த சுவடே இல்லையாம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ரிப்போர்ட் மாறிவிட்டதோ என்று பழைய சதைத்துண்டைத் திரும்பப் பரிசோதித்தும் பார்த்துவிட்டார்களாம். அது அவருடையதுதான், அதே நோய்தான். சனம் எழுந்து கைதட்டியது. நானும் தட்டினேன். அந்த வாரமே வாட்ஸ்அப்பில் படம் வந்தது. கல்லறையில் மெழுகுதிரிகள், நடுவில் அந்தப் பெண், முகத்தில் சிரிப்பு இல்லை. படத்துக்கு மேலே சிவப்பு எழுத்தில் "புதுமை" என்று போட்டிருந்தார்கள்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை காலையில் பதுளையில் கோயில் மண்டபத்தில் நடந்தது. ஆயரின் மேற்றிராசனத்திலிருந்து ஒரு வயதான பாதரை அனுப்பியிருந்தார்கள். அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர், மெல்லப் பேசுவார், திருச்சபைச் சட்டம் படித்தவர். எங்கள் பங்குச் சாமியார் இளம் வயது, முப்பத்தைந்து இருக்கும். மூன்றாவது ஆள் ஒரு டாக்டர். யாழ்ப்பாணத்துக்காரர், பதுளைக்கு வேலையாக வந்து ஓய்வுபெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். "நான் சைவம் பாதர். பேப்பருகளைப் பாக்கிறதுக்கு அது பரவாயில்லை எண்டால் வாறன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். நான் மேசையின் ஓரத்தில் கொப்பியோடு உட்கார்ந்தேன். எழுத்து அழகாக இருக்கும், இங்கிலிஷ் ரிப்போர்ட்டை வாசிக்கவும் தெரியும் என்றுதான் என்னைப் பிடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் அதே வாட்டில் என் மனைவி இருந்தாள் என்பது பங்குச் சாமியாருக்குத் தெரியும். மற்ற இருவருக்கும் தெரியாது.

முதலில் டாக்டர் பேசினார். பைலை மூடி, அதன் மேல் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நோய் இருந்தது உண்மை. இப்ப இல்லை, அதுவும் உண்மை. மருந்து ஒண்டும் எடுக்கேல்ல. ஏன் போனது எண்டு எனக்குத் தெரியாது. இவ்வளவும் எழுதிக் கையெழுத்து வைச்சுத் தருவன்."

"அது போதும் டாக்டர். விளக்க முடியாதுன்னு நீங்க எழுதினாலே போதும்" என்றார் பங்குச் சாமியார்.

"விளக்கேலாது எண்டு நான் சொல்லேல்ல. எனக்குத் தெரியாது எண்டு சொன்னன். இந்த வகையில ஆயிரத்தில ஒண்டு தானாக் கரைஞ்சு போறது உண்டு. கடுங்காய்ச்சல் ஒண்டு வந்து, அதுக்குப் பிறகு கட்டி வத்தினதாயும் எங்கட தொழில் ஆக்கள் எழுதி வைச்சிருக்கினம். ஏன் எண்டு ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது."

வயதான பாதர் தலையாட்டினார். "டாக்டருக்குத் தெரியாததெல்லாம் ஆண்டவர் செஞ்சதுன்னு நாம எழுதிட்டு வந்தா, நாளைக்கு டாக்டருக்குத் தெரிஞ்சதும் ஆண்டவருக்கு வேலை இல்லாம போயிரும்" என்றார் எங்கள் சாமியாரைப் பார்த்து. பிறகு என்னைப் பார்த்து, "இதை எழுத வேணாம் மாஸ்டர்" என்றார். நான் பாதி எழுதியிருந்தேன். வெட்டினேன்.

அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டார்கள். நல்ல சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தார். கன்னத்தில் சதை வைத்திருந்தது. என்னைக் கண்டதும் தயங்கி நின்றார். பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"வீட்டுக்குப் போன பொறகு என்னம்மா நடந்திச்சி?" என்று வயதான பாதர் கேட்டார்.

"காய்ச்சல் வந்திச்சிங்க சாமி. ஒம்பது நாளு. போர்வையப் போத்திக்கிட்டு லயத்து வூட்டுல சுருண்டு கெடந்தேன். செத்துருவேன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. காய்ச்சல் விட்டு ஒரு பத்து நாளு கழிச்சி குளிக்கையில தடவிப் பாக்குறேன், கழுத்துல கட்டி பாதியா இருக்கு. பொறகு அப்படியே போயிருச்சி."

"பத்து நாளு. அப்போ சட்டுன்னு ஒரே நாள்ல போகல?"

"இல்லீங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

எங்கள் சாமியார் நெற்றியைத் தடவினார். புதுமை என்றால் திடீரென்று, முழுதாக, திரும்பி வராமல், வைத்தியத்தால் அல்லாமல் குணமாகியிருக்க வேண்டும் என்பது திருச்சபையின் கணக்கு. அதோடு வேண்டுதல் பட்டம் கேட்கிற அந்த ஒருவரிடமே போயிருக்க வேண்டும்.

"வேற மருந்து ஏதாச்சும்?"

"சிங்கள வெதமாத்தியா ஒருத்தரு கசாயம் குடுத்தாரு. மூணு நாளு குடிச்சேன். கசப்பு தாங்க முடியாம வுட்டுட்டேன்."

"வீட்டுல யாராச்சும் நேந்துக்கிட்டாங்களா?"

"எங்க வூட்டுக்காரரு கதிர்காமத்துக்குக் காவடி எடுக்குறேன்னு நேந்துக்கிட்டாரு. எங்க மாமியா அம்மன் கோயில்ல துந்நூறு வாங்கியாந்து பூசுனாங்க."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை. எங்கள் சாமியார் அவசரமாக, "நீ நம்ம கல்லறைச் சாமியார்கிட்டதானம்மா வேண்டின? அட்டைய வச்சிருந்தியே" என்றார்.

"வச்சிருந்தேங்க."

"அத வச்சி என்ன செபம் சொன்ன?"

அவர் முந்தானையைச் சுருட்டி விரித்தார்.

"பொய் சொல்லக் கூடாதுங்களே. நான் ஒண்ணும் சொல்லல சாமி. எனக்கு வாசிக்கத் தெரியாது. தலமாட்டுல வச்சிருந்தேன், அவ்வளவுதான். காய்ச்சல்ல யார கூப்பிட்டேன்னு ஞாபகம் இல்ல. எங்க அம்மாவத்தான் கூப்பிட்டேன்னு புள்ளைங்க சொல்லுதுங்க."

"அட்டை எங்கேருந்து கெடைச்சிச்சி?" என்றார் வயதான பாதர்.

அவர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"இந்த மாஸ்டர் சேரோட சம்சாரம் குடுத்தாங்க. நான் வூட்டுக்குப் போற அன்னிக்கி. தலவாணிக்கு அடியிலருந்து எடுத்து என் கையில வச்சி, நீங்க கொண்டு போங்க, எனக்கு வேணாம்னு சொன்னாங்க."

எழுதினேன். அந்தப் பக்கத்தை இப்போதும் நினைவில் பார்க்க முடிகிறது. "எனக்கு வேண்டாம்" என்பதை அவர் சொன்னபடி "வேணாம்" என்று எழுதுவதா, திருத்தி எழுதுவதா என்று யோசித்தேன். அந்த நேரத்தில் என் தலைக்குள் இருந்தது அது மட்டும்தான்.

வயதான பாதர் பேனையைக் கீழே வைக்கும்படி எனக்குக் கையால் காட்டினார். "மாஸ்டர், எனக்கு இது தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்களை உட்கார வச்சிருக்க மாட்டேன். உங்களுக்கு எழுந்து போகணுமா?"

"இல்ல பாதர்."

"உங்க மனைவியும் கல்லறைச் சாமியார்கிட்ட வேண்டினாங்களா?"

"நான் வேண்டினேன். எட்டு மாசம், போன நாளெல்லாம். அதையும் எழுதவா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையே சேர்" என்றார் எங்கள் சாமியார். முகம் சிவந்திருந்தது. கெட்ட மனிதர் இல்லை. என் மனைவியின் அடக்கத்துக்கு மழையில் முழங்கால் வரை சேறோடு நடந்து வந்தவர். "சுகமானவங்களைப் பத்தித்தான் கேக்குறாங்க."

"எங்கட தொழிலில முதல்ல அதைத்தான் கேப்பம்" என்றார் டாக்டர். "ஒருத்தர் சுகமாயிட்டா எண்டால், அதே மருந்தை எடுத்த மற்ற ஆக்கள் எங்கை எண்டு. அந்த அட்டை எத்தினை தலையணைக்குக் கீழ இருந்தது, பாதர்?"

"இது மருந்து இல்லையே டாக்டர்" என்றார் வயதானவர். கோபமில்லாமல் சொன்னார். "மருந்துன்னா எல்லாருக்கும் வேலை செய்யணும். இது ஒரு அடையாளம். ஒருத்தருக்குக் காட்டினா, பார்க்கிற எல்லாருக்கும்னு அர்த்தம்."

"சரி. இவரும் பாத்தவர்தானே" என்று டாக்டர் என்னைக் காட்டினார். "இவருக்கு அது என்ன சொல்லுது?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதாவது சொன்னால் அவர்களுக்கு உதவியாக இருந்திருக்கும். கோபப்பட்டிருந்தால்கூட நல்லது. உள்ளே தேடிப் பார்த்தேன். பரீட்சை முடிந்த வகுப்பறை போல வெறுமையாகக் கிடந்தது.

"எனக்குத் தெரியல" என்றேன். "நான் எழுதிக்கிறேன். நீங்க பேசுங்க."

வயதான பாதர் கடைசியில் அதையும் எழுதச் சொன்னார். அட்டையை முதலில் வைத்திருந்தவர் அதே நோயில் இறந்தார் என்று. எங்கள் சாமியார் மறுத்துப் பார்த்தார். "பாதர், இந்தத் தோட்டத்து சனத்துக்கு நம்மளுதுன்னு சொல்லிக்க ஒரு புனிதர் இல்ல. இதையும் எழுதி அனுப்பினா மேலே எடுக்கவே மாட்டாங்க" என்றார். வயதானவர், "எடுக்காட்டி விடட்டும். இருக்கிறதை எழுதுவோம்" என்றார். நான் எழுதினேன். என் மனைவியை ஒரே வரியில் எழுதினேன். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டினேன். எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். அந்தப் பெண் பெருவிரல் ரேகை வைத்தார்.

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன். அந்தப் பெண் பின்னால் வேகமாக வந்தார். வெயில் ஏறியிருந்தது.

"சேர், கோவமா?"

"இல்லம்மா."

"ஒங்ககிட்ட அப்பவே கொண்டாந்து குடுத்திருக்கணும். அந்தம்மா சொல்லக் கூடாதுன்னாங்க."

"ஏன்?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீங்க சங்கடப்படுவீங்கன்னு. 'எனக்கு இதுல நம்பிக்க போயிருச்சி. அவருதான் நம்பிக்கிட்டு இருக்காரு. அவரு சொல்லும்போது கண்ண மூடிக்குவேன், அவருக்கு ஆறுதலா இருக்கும்'னு சொன்னாங்க. அட்ட எங்கன்னு நீங்க கேட்டா, இன்னும் அடியிலதான் கெடக்குன்னு சொல்லிக்குவேன்னாங்க."

நான் கேட்டதே இல்லை. இந்தப் பெண் வீட்டுக்குப் போன பிறகும் ஆறு வாரம், வெறும் தலையணைக்கு முன்னால் நின்று செபம் சொல்லியிருக்கிறேன். அவளும் கண்ணை மூடிக் கேட்டிருக்கிறாள். நான் அவளுக்காகச் சொன்னேன். அவள் எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் அழுதார். "எனக்கு ஏன் சுகமாச்சின்னு எல்லாரும் கேக்குறாங்க சேர். நான் என்னான்னு சொல்றது? பூசையில ஆளுங்க வந்து என் கையத் தொடுறாங்க. நோயாளிப் புள்ளைங்கள மடியில கொண்டாந்து போடுறாங்க. போன மாசம் ஒரு புள்ள செத்துருச்சி. அந்தத் தாய் என்னப் பாத்தா மொகத்தத் திருப்பிக்குது. கொழுந்தெடுக்கப் போனா போதும்னு இருக்கு."

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "பஸ் வந்திருச்சி" என்றேன். பஸ் உண்மையிலேயே வந்திருந்தது. அன்று மாலை சோறாக்கிச் சாப்பிட்டேன். படுத்தேன். தூக்கமும் வந்தது.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. எங்கள் சாமியார் என்னைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினார். குணம் உண்மையானது, அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லலாம், ஆனால் இதைப் புதுமை என்று அழைக்கவோ மேலே அனுப்பவோ போதிய ஆதாரம் இல்லை என்று இருந்தது. காய்ச்சலையும் கசாயத்தையும் குறிப்பிட்டிருந்தார்கள், யாரிடம் வேண்டினார் என்பது தெளிவில்லை என்பதையும் குறிப்பிட்டிருந்தார்கள். என் மனைவியைப் பற்றிய வரி பதிலில் எங்கும் இல்லை.

"நீங்க அன்னைக்கி அதை எழுதாம இருந்திருந்தாலும் இதேதான் வந்திருக்கும் சேர்" என்றார் சாமியார். என்னைச் சமாதானப்படுத்துகிறாரா, தன்னையா என்று தெரியவில்லை. "நீங்க என்ன நினைக்கிறீங்க? அது புதுமைதானா?"

"அந்தம்மா நல்லா இருக்காங்க பாதர்" என்றேன். அவர் அதோடு விட்டுவிட்டார். கல்லறைக்குப் பக்கத்தில் புதுமை என்று எழுதிக் கட்டியிருந்த பதாகையைக் கழற்ற இருவருமாகப் போனோம். கயிறு மழையில் இறுகியிருந்தது. கத்தி கொண்டுவந்து வெட்ட வேண்டியிருந்தது.

அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் கதிர்காமத்துக்குக் காவடி எடுத்துவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன். அவரைப் பொறுத்தவரை யார் குணமாக்கியது என்பதில் சந்தேகமே இல்லை. பூசைக்கு நான் இப்போதும் போகிறேன். செபங்களை வாய் சொல்கிறது. சில ஞாயிறுகளில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடிப் பார்க்கிறேன், அவள் எப்படி மூடியிருப்பாள் என்று. அது செபமா என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் வலயக் கல்வி அலுவலகத்தில் ஒரு வேலையாகப் பதுளைக்குப் போனேன். திரும்பும் பஸ்ஸில் அந்தப் பெண் ஏறினார். கிளினிக்கில் இருந்து வந்தார். பக்கத்தில் இடம் இருந்தது, உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் பையிலிருந்து கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டினார்.

"என்னா எழுதியிருக்குன்னு வாசிச்சிச் சொல்லுங்க சேர். நர்ஸ் மிஸ்ஸி அவசரத்துல சொன்னது வெளங்கல."

வாசித்தேன். "ஒண்ணும் இல்லயாம். இனி ஆறு மாசத்துக்கு ஒருக்கா வர வேணாம். வருஷத்துக்கு ஒருக்கா வந்தா போதுமாம்."

"வேற ஒண்ணும் எழுதலையா?"

"இல்லம்மா. அவ்வளவுதான்."

கொப்பியை வாங்கிப் பைக்குள் வைத்தார். மகள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், தமிழ்ப் பாடத்தில்தான் கொஞ்சம் கஷ்டப்படுகிறாள் என்றார். சனிக்கிழமைகளில் வரச் சொல்லுங்கள், பார்க்கிறேன் என்றேன். பஸ் தெமோதரைக்கு வந்தபோது இறங்கிக்கொண்டேன்.